வந்தாலும் வரலாம்: ஐயச்சொற்கள் பற்றிய ஒரு சிற்றாராய்ச்சி

பாயிரம்

யானைக்கும் கடலுக்கும் தாமரைக்கும் தமிழில் வழங்கும் பெயர்களையெல்லாம் மாணாக்கர் நெட்டுருப் போடுவதற்கு வாகாகத் திரட்டிக் கொடுத்த திவாகரர், தெய்வப் பெயரில் தொடங்கி 12 தொகுதிகளாகத் தம் நிகண்டை வகுத்தபோது, ‘நடந்தாலும் நடக்கலாம்’ என்ற ஒரே கருத்தைப் பல விதமாகச் சொல்வதற்குத் தமிழர் கையாளும் சொற்களுக்கென்று ஒரு தொகுதியை ஒதுக்காமற் போனது, யோசித்துப் பார்க்குங்கால், பாஷைக்கு நேர்ந்த பெரிய நஷ்டமேயாகும். யானையை எப்போதோ திருவிழாவில் கண்டவர்கள் களிறு, வேழம், கரி என்று அதன் பெயர்களை அடுக்க வல்லவராயிருக்க, நாள்தோறும் நாலு பேர் வாயிலிருந்து தம் காதில் விழுகிற ‘பார்க்கலாம்’ என்ற சொல்லுக்குப் பொருள் இன்னதென்று நிச்சயிக்க மாட்டாமல் தவிக்கிறார்கள். அக்குறையை இயன்ற மட்டும் நீக்க எழுந்ததே இச்சிற்றாராய்ச்சி.

நூல் செய்வோர் நுதலிய பொருளும், கேட்போரும், பயனும் பாயிரத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்பது மரபாதலின், அவற்றையும் சொல்லிவிடுவோம். நுதலிய பொருள், நடக்குமா நடக்காதா என்ற கேள்விக்கு நேரான விடை சொல்லாமல் தப்புவதற்குப் பயன்படும் சொற்களின் இயல்பு. கேட்போர், கல்யாணப் பத்திரிகை அச்சடித்தவர்கள், தீபாவளிக்குத் துணி தைக்கக் கொடுத்தவர்கள், அலுவலகங்களில் மனுப் போட்டவர்கள், பெண்ணைப் பெற்றவர்கள் ஆகிய நால்வகையார். பயன், பந்தியில் எத்தனை இலை போடுவது என்பது பற்றிய தெளிவு.

‘லாம்’ இயல்

‘வரலாம்’ என்பது ‘வரல்’, ‘ஆம்’ என்னும் இரண்டு சொற்கள் ஒட்டி வாழ்ந்து ஒன்றானதால் பிறந்த பிரயோகம். வருதல் ஆகும் என்பது அதன் நேர்ப்பொருள். பிறப்பில் இத்துணை எளிமையான இச்சொல், வழக்கில் மூன்று உத்தியோகங்களை ஒருங்கே வகிக்கிறது. அண்ணாந்து மேகத்தைப் பார்த்து ‘மழை வரலாம்’ என்னும்போது அது அனுமானம். வாசலில் தயங்கி நிற்பவரை நோக்கி ‘உள்ளே வரலாம்’ என்னும்போது அனுமதி. மாலையில் சிநேகிதரிடம் ‘கடற்கரைப் பக்கம் போகலாம்’ என்னும்போது யோசனை. இம்மூன்றிலும் அடங்காத நான்காவது ஒன்றும் உண்டு. மேஜைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் அதிகாரி, கோப்பை மூடி நாடாவைக் கட்டிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் ‘நீங்க போகலாம்’ என்கிறாரே, அந்த ‘லாம்’ அனுமானமுமன்று, அனுமதியுமன்று, யோசனையுமன்று. போகாமலிருப்பதற்கு அங்கே எள்ளளவும் இடமில்லை. சாத்தியத்தைக் குறிக்கப் பிறந்த விகுதி, பதவி ஏற ஏறக் கட்டளையாகிவிடுகிறது என்பது இதனால் பெறப்படும்.

இனி, ‘பார்க்கலாம்’. இதன் பொருளை எழுத்தில் தேடியவர்கள் தோற்றதற்குக் காரணம், அது எழுத்தில் இல்லாமல் மாத்திரையில் இருப்பதுதான். குறிலுக்கு 1 மாத்திரை, நெடிலுக்கு 2, உயிரளபெடைக்கு 3 என்பது இலக்கணக் கணக்கு. ‘லா’ என்னும் நெடில் தனக்குரிய 2 மாத்திரையில் நின்று, சொல்லுகிறவர் கண்ணும் கேட்பவர் முகத்தில் நிலைத்திருக்குமானால், காரியம் கைகூட ஓரளவு இடமுண்டு. அதே நெடில் அளபெடுத்து, ‘பார்க்கலாஅம்’ என்று 3 மாத்திரையைத் தொட்டு, கண்ணும் உத்தரத்தை நாடிச் சென்றுவிட்டால், கேட்டவர் வேஷ்டியை உதறிக்கொண்டு எழுந்துவிடுவது உத்தமம். செய்யுளில் ஓசை குறையும் இடத்தை நிறைக்க அளபெடை வருகிறது. சம்பாஷணையில் உத்தேசம் குறையும் இடத்தை நிறைக்க வருகிறது.

இச்சொல்லின் உடன்பிறந்தார் இருவரையும் இங்கேயே அடையாளம் கண்டுகொள்வது நலம். ‘அப்புறம் பார்க்கலாம்’ என்பதில் வரும் ‘அப்புறம்’ காலத்தைக் குறிக்கும் என்று கருதி, நாலு நாள் கழித்து மறுபடியும் போய் நின்றவர்கள் பலர். அ என்னும் சுட்டும் புறம் என்னும் பெயரும் சேர்ந்தது அச்சொல்லாதலின் அது திசையையே குறிக்கும், அதாவது வந்தவர் அந்தப் பக்கமாகப் போகலாம் என்பதே கருத்து. ‘பார்ப்போம்’ என்பதோ உளப்பாட்டுத் தன்மைப் பன்மை. கேட்டவரையும் தன்னோடு உளப்படுத்திக்கொள்வதால், காரியம் நடவாதபோது வரும் பழியிலும் அவருக்குச் சரிபாதி சேர்கிறது. இத்தகைய ராஜதந்திரம் ஒரு வினைமுற்று விகுதிக்குள் அடங்கியிருப்பதைக் காணும்போது, இலக்கணம் பயனற்ற படிப்பு என்பார் வாயடங்கிப்போவர்.

‘கூடும்’ இயல்

‘கூடும்’ என்ற சொல் உடன்பாட்டில் ஒரு குணமும் எதிர்மறையில் வேறொரு குணமும் உடையது. ‘மழை பெய்யக்கூடும்’ என்பதற்கு எதிர்மறை ‘மழை பெய்யக்கூடாது’ என்று சூத்திரப்படி ஒருவர் சொன்னால், அதை வானிலை அறிக்கை என்று கொள்வாரில்லை. மொட்டை மாடியில் வடாம் பிழிந்துவிட்டு வந்தவரின் பிரார்த்தனை என்றே கொள்வர். நடக்கலாம் என்று சாதுவாகச் சொல்லிக்கொண்டிருந்த சொல், மறுப்பு விகுதி ஏற்ற மாத்திரத்தில் பிரம்பைக் கையிலெடுத்துக்கொண்டு சுவர்களிலெல்லாம் ‘இங்கே எச்சில் துப்பக்கூடாது’ என்று எழுதப் புறப்பட்டுவிடுகிறது. ‘முடியும்’ என்பதிலும் இந்த விபரீதம் உண்டு. ‘என்னால் முடியாது’ என்பவருக்குத் திராணி இல்லை. வெறும் ‘முடியாது’ என்பவருக்கு மனம் இல்லை. ‘முடிந்தால் வருகிறேன்’ என்பவருக்கோ திராணியும் உண்டு, மனமும் உண்டு, அன்றைக்கே வேறோர் இடத்தில் விசேஷமும் உண்டு.

யாழ்ப்பாணத்தார் ‘முடியும்’ என்பதற்குப் பதிலாக ‘ஏலும்’ என்றும், ‘முடியாது’ என்பதற்கு ‘ஏலாது’ என்றும் சொல்லி, இயலும் என்ற பழஞ்சொல்லின் வாசனையைப் போகவிடாமல் வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டார் ‘ஒருவேளை வருவார்’ என்னும் இடத்தில் அவர்கள் ‘சிலவேளை வருவார்’ என்பதும் கவனிக்கத்தக்கது. எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் அவர்களுடைய நம்பிக்கை நம்முடையதைவிடச் சற்று அதிகம் என்று கொள்ள நியாயமுண்டு.

இச்சொற்களுக்கு வரம்பு கட்டி ஒழுங்குபடுத்தியவர்கள் இந்த நாட்டில் எனக்குத் தெரிந்தவரை ஒரு சாரார்தாம். அவர்கள் 1875ஆம் ஆண்டில் ஏற்பட்ட இந்திய வானிலைத் துறையார். அவர்களுடைய அறிக்கையில் ‘ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்’ என்று வந்தால், அதில் ‘ஓரிரு’ என்பது வாய்க்கு வந்த சொல் அன்று. அந்தப் பிரதேசத்தில் உள்ள மழைமானி நிலையங்களில் 25 சதவீதம் வரை மழை பதிவாவதையே அது குறிக்கும். அதற்கு மேல் 50 சதவீதம் வரை ஒரு சொல், 75 வரை ஒரு சொல், அதற்கும் மேலே ஒரு சொல் என்று நான்கு படிகள் வைத்திருக்கிறார்கள். ‘கனமழை’ என்றால் 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 மில்லிமீட்டர் வரை. சொல்லுக்கு இவ்வளவு நாணயமாக அளவு வைத்திருக்கிற துறையைத்தான் ஜனங்கள் திண்ணையில் உட்கார்ந்து பரிகசிக்கிறார்கள். எந்த அளவும் வைக்காத தையற்காரரை முழுமனத்தோடு நம்பி, தீபாவளிக்குப் பத்து நாள் முன்னதாகத் துணியைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள்.

உம்மை இயல்

தொல்காப்பியர் உம்மை என்ற இடைச்சொல்லுக்கு எட்டுப் பொருள் கூறி, அவற்றுள் ஐயத்தை ஒன்றாகவும் எதிர்மறையை மற்றொன்றாகவும் வைத்தார். ஒருவன் வருவதற்கும் உரியவன் என்று சொன்னால், வாராமலிருப்பதற்கும் உரியவன் என்பது அந்த உம்மைக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது என்று உரைகாரர்கள் விளக்கஞ் சொல்வார்கள். இரண்டாயிரம் ஆண்டு முதிர்ந்த இந்த நுட்பம் ஏட்டோடு போய்விடவில்லை என்பதற்கு ‘வந்தாலும் வருவார்’ என்ற நம் வீட்டுப் பேச்சே சாட்சி. ‘வருவார்’ என்பதில் உள்ள வரவு, ‘வந்தால் வருவார்’ என்பதில் பாதியாகி, ‘வந்தாலும் வருவார்’ என்பதில் காற்பங்காகி, ‘வந்தாலும் வரலாம்’ என்பதில் வீசமாகி, ‘ஒருவேளை வந்தாலும் வரலாம், யார் கண்டது’ என்று முடியும்போது, வருகிறவர் யார் என்பதே மறந்துபோகும் அளவுக்குக் கரைந்துவிடுகிறது.

ஐயத்தின் இத்தனை நிலைகளையும் ஒரு தத்துவமாகவே நிறுவியவர்கள் சமணர்கள். நன்னூல் செய்த பவணந்தியாரின் சமயமாகிய அச்சமயத்தில் ஸ்யாத்வாதம் என்று ஒரு கொள்கை உண்டு. எந்தப் பொருளைப் பற்றியும் ‘ஒருவகையில்’ என்ற அடையோடுதான் பேச வேண்டும் என்றும், அப்படிப் பேசும் முறை ஏழு என்றும் அது வகுக்கும். உண்டு, இல்லை, உண்டும் இல்லையும், சொல்லவொண்ணாது, உண்டாயினும் சொல்லவொண்ணாது, இல்லையாயினும் சொல்லவொண்ணாது, உண்டும் இல்லையும் ஆயினும் சொல்லவொண்ணாது என்பன அவ்வேழு பங்கங்கள். தர்க்க சாஸ்திரிகள் பலர் இதனைக் கடினம் என்று ஒதுக்கினாலும், பண்டிகைக்கு முந்தின நாள் மாலை ஏதாவதொரு தையற்கடை வாசலில் அரை மணி நேரம் நின்றவருக்கு இது வெகு சுலபமாக விளங்கிவிடும்.

‘துணி வெட்டியாச்சு சார்’ என்பது முதற் பங்கம். ‘மிஷின்ல இன்னும் ஏறலை’ என்பது இரண்டாவது. ‘உடம்பு ஆயிடுச்சு, கைதான் வைக்கணும்’ என்பது உண்டும் இல்லையுமாகிய மூன்றாவது. ‘மாஸ்டர் டீ குடிக்கப் போயிருக்காரு, வந்தாத்தான் தெரியும்’ என்பது சொல்லவொண்ணாத நான்காவது. ‘ஆயிடுச்சு, ஆனா எந்த மூட்டையில கெடக்குன்னு தெரியலை’ என்பது ஐந்தாவது. ‘காஜா எடுக்கலை, பையன் எப்ப வருவான்னு சொல்ல முடியாது’ என்பது ஆறாவது. ‘கால்சட்டை ரெடி, சட்டை ரெடி இல்லை, ரசீது எங்கே?’ என்பது ஏழாவதும் முடிவானதுமான பங்கம். ஏழையும் வரிசை பிசகாமல் கேட்டு முடித்த வாடிக்கையாளர், போன வருஷத்துச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொள்ளும் பக்குவத்தை எய்தியவராக வீடு திரும்புகிறார்.

வடசொல் இயல்

‘சாத்தியம்’ என்பதற்கு நாம் நடக்கக்கூடியது என்று பொருள் கொள்கிறோம். தர்க்க நூலார் அதனை அப்படி வழங்கவில்லை. மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு உண்டு என்று வாதிக்குமிடத்து, புகை ஹேது. இனிமேல்தான் நிரூபிக்கப்படவேண்டிய நெருப்பு சாத்தியம். அரசாங்க அறிவிப்புகள் இப்பழம்பொருளைச் சிதையாமல் காப்பாற்றி வருகின்றன என்பது பலருக்குத் தெரியாது. ‘ஆற்றின் குறுக்கே பாலம் கட்டுவதற்கான சாத்தியக்கூறுகள் ஆராயப்பட்டு வருகின்றன’ என்று படிக்கும்போது, ஆறு இருக்கிறது, இரண்டு கரையும் இருக்கிறது, அக்கரையில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள், பாலம் மாத்திரம் நிரூபிக்கப்பட வேண்டியதாயிருக்கிறது என்று அறிந்துகொள்ள வேண்டும்.

‘சம்பாவிதம்’ என்ற சொல்லின் கதை இன்னும் விநோதமானது. நேரக்கூடியது என்று பொருள்படும் அச்சொல் தமிழில் வழக்கொழிந்துபோக, நேரக்கூடாதது என்று பொருள்படும் ‘அசம்பாவிதம்’ மாத்திரம் நாள் தவறாமல் பத்திரிகைகளில் நேர்ந்துகொண்டிருக்கிறது. ‘அசம்பாவிதம் நிகழாமல் தடுக்கப் பலத்த போலீஸ் பந்தோபஸ்து போடப்பட்டது’ என்றால், நிகழவே முடியாத ஒன்று நிகழ்ந்துவிடாதபடி லத்தியுடன் காவல் நிற்கிறார்கள் என்பது சொற்பொருள். அப்படியும் இரண்டொரு அசம்பாவிதங்கள் நிகழ்ந்துவிடுகின்றன. குதிரைக் கொம்புக்கும் இதே கதிதான். ஆகாயத் தாமரையோடும் முயற்கொம்போடும் சேர்த்து, முக்காலத்திலும் இல்லாத பொருளுக்கு உதாரணமாகப் பண்டிதர்கள் வைத்திருந்த அதனை, ‘இந்த வாடகைக்குக் குழாய்த் தண்ணீரோடு வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு’ என்று சொல்லிச் சொல்லி, தரகருக்கு ஒரு மாத வாடகை கொடுத்தால் கிடைத்துவிடும் சரக்காக்கிவிட்டோம். தமிழில் அசாத்தியம் என்பது நிலையாக இருப்பதில்லை. புழங்கப் புழங்க அது கஷ்டம் என்ற அளவுக்கு இறங்கிவந்துவிடும்.

உறுதி இயல்

ஐயச்சொற்களை ஆராயப் புகுந்தவன் உறுதிச்சொற்களுக்கு ஏன் தாவ வேண்டும் என்று வினவலாம். ஐயத்தின் உச்சநிலை அங்கேதான் இருக்கிறது என்பது விடை. ‘வரப் பார்க்கிறேன்’ என்பதற்கும், ‘அநேகமாக வந்துவிடுவேன்’ என்பதற்கும், ‘அவசியம் வருகிறேன்’ என்பதற்கும், ‘கண்டிப்பாக வந்துவிடுகிறேன்’ என்பதற்கும், ‘இதென்ன பேச்சு, நான் வராமல் கல்யாணமா’ என்பதற்கும் உள்ள தாரதம்மியத்தைக் கல்யாண வீட்டார் கூர்ந்து நோக்குவார்களாயின், பின்வரும் சூத்திரத்தைத் தாமே கண்டுகொள்வர்: உறுதி மிகுமிடத்து வரவு குறையும். பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியையும் சொஜ்ஜியையும் பாராட்டி, பெண்ணின் பாட்டையும் பாராட்டி, ‘ஊருக்குப் போய்க் கடுதாசி போடுகிறோம்’ என்று மிக உறுதியாகச் சொல்லிவிட்டுப் போன வீடுகளில், தபால்காரரை எதிர்பார்த்துத் திண்ணையில் அமர்ந்திருந்த தகப்பனார்கள் இச்சூத்திரத்துக்கு உரை எழுதவும் தகுதி பெற்றவர்கள்.

அற்றேல், இக்குழப்பம் தமிழர்க்கு மட்டும் உரிய பலவீனம் போலும் எனின், அன்று. அமெரிக்க உளவுத் துறையார் 1951ஆம் ஆண்டில் தயாரித்த ஓர் அறிக்கையில், யூகோஸ்லாவியாவின்மேல் சோவியத் அணியார் படையெடுப்பது கருத்தூன்றிக் கவனிக்கவேண்டிய ஒரு சாத்தியம் என்று எழுதினார்கள். அதைத் தயாரித்ததில் பங்குகொண்டவரும், முன்னர் யேல் சர்வகலாசாலையில் சரித்திரப் பேராசிரியராயிருந்தவருமான ஷெர்மன் கென்ட், அத்தொடருக்குத் தம் மனத்தில் இருந்த அளவு நூற்றுக்கு 65 என்றார். அறிக்கையைப் படித்த அதிகாரியோ மிகவும் குறைவாக மதித்திருந்தாராதலால் திடுக்கிட்டார். பிறகு அந்த வாசகத்துக்கு ஏகமனதாக ஒப்புதல் கொடுத்த சகாக்களையே கென்ட் விசாரித்தபோது, 20 என்றவரும் இருந்தார், 80 என்றவரும் இருந்தார். படையெடுப்பு நடக்கவேயில்லை. இந்த அனுபவத்தின்மேல் அவர் 1964இல் ஒரு கட்டுரை எழுதி, அநேகமாக நடக்கும் என்றால் நூற்றுக்கு 75, ஏறக்குறைய நிச்சயம் என்றால் 93 என்று சொற்களுக்கெல்லாம் எண் கட்டிக் காட்டினார். அவ்வெண்களைத் தமிழுக்குக் கொண்டுவந்து, ‘அநேகமாக’ என்று சொன்ன உறவினர் நூறு பேருக்கு 75 இலை போடலாமென்று எந்தக் கல்யாண வீட்டாராவது கணக்குப் பண்ணுவார்களானால், மறுநாள் மாலை வரைக்கும் சாம்பார் சாதத்தை அண்டை அயலாருக்கு வாளியில் கொடுத்தனுப்பிக்கொண்டிருப்பார்கள்.

அது ஏன் எனின், கென்ட் எண் கட்டிய சொற்கள் நிகழ்ச்சியை அளப்பதற்கென்று ஏற்பட்டவை. நம்முடையவை சொல்லுவோருக்கும் கேட்போருக்கும் நடுவே உள்ள தாட்சண்யத்தை அளப்பவை. ‘கண்டிப்பாக வருகிறேன்’ என்று ஒருவர் சொல்லும்போது, தம் வரவைப் பற்றி அவர் ஒன்றுமே சொல்லவில்லை. வீடு தேடி வந்து குங்குமச் சிமிழை நீட்டி அழைத்தவரை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லை என்பதைச் சொல்கிறார். அதனால்தான் உறவு தூரமாக ஆக உறுதி ஏறுகிறது. தாய்மாமன் ‘கண்டிப்பாக’ என்று சொல்லக் கேட்டவருண்டா? ‘பார்க்கிறேன், வயலில் அறுப்பு இருக்கு’ என்று முறைத்துக்கொண்டே சொல்லிவிட்டு, முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே வந்து, பந்தற்காலில் வாழை மரம் சரியாகக் கட்டவில்லையென்று சண்டை பிடிப்பவர் அவர்தாம். உறுதிச்சொல் சொல்லி வருவாரும் உலகத்தில் உளரே எனின், உளர். அவர்கள் சொல்லாவிட்டாலும் வந்திருப்பார்கள் என்க.

புறனடை

இங்கே கூறாத சொற்கள் இன்னும் பல உள; ‘போலிருக்கிறது’, ‘வருவாராயிருக்கும்’, ‘ஒருக்கால்’ முதலியவற்றை மேற்கூறிய நெறியால் வல்லோர் விரித்துக்கொள்க. பாயிரத்தில் வாக்களித்த பயனை மாத்திரம் சொல்லி முடிப்போம். பத்திரிகை கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, அழைக்கப்பட்டவர் சொன்ன சொல்லை மனத்தில் வைத்து இலைக் கணக்குப் போடாதீர்கள். அவர் கேட்ட கேள்வியை மனத்தில் வையுங்கள். ‘மண்டபத்துக்கு எந்த பஸ்ஸில் ஏற வேண்டும், எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும்?’ என்று கேட்டவர் வருவார்; அவருக்கு இலை போடுங்கள். ‘கண்டிப்பாக’ என்று மட்டும் சொன்னவருடைய நல்லெண்ணத்தை ஏற்றுக்கொண்டு, மொய் நோட்டில் அவருக்கென்று ஒரு வரியையும் விட்டுவையுங்கள். பணத்தை வேறொருவர் கையில் கொடுத்தனுப்புவார்.